பன்னிரண்டாவது பாட்டு

எங்கள் குடும்பப் பாட்டுக்குழுவின் ஹிட்ஸ் சிடி வெளிவந்ததே என்னால்தான் என்று சொன்னால் இன்று வீட்டில் யாரும் நம்புவதில்லை. அதற்காக நான் அலைந்த அலைச்சலை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அப்பா டிரம்ஸ் வாசிப்பார். அம்மாவின் தம்பியான மாமா கீபோர்டில் மெட்டுப் போடுவார், பாடவும் செய்வார். எங்களோடு இருந்த, அப்பாவின் தங்கையான அத்தைதான் குழுவின் குரல். ஷேர் ஆட்டோ, மின்வெட்டு, மாமியாரின் செல்போன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் மூவரும் பாட்டாக்கினார்கள். மூன்று சிடிகள் வந்தன. எலவனாசூர்கோட்டையில் கிளம்பும் மினி பஸ்களிலும் நைனார்பாளையத்து டீக்கடைகளிலும் எங்கள் பாட்டுதான்.

நான்காவது சிடியைக் கல்வராயன் மலையில் ஒரு விழா மேடையில் வெளியிடுவதாக அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகு பார்த்தால், மாமாவும் அத்தையும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் இருக்கும் அறைக்குள் மற்றவர் வரமாட்டார். மெட்டில் ஏதோ தகராறு என்று எனக்குச் சொல்லப்பட்டது.

"இதுங்க ரெண்டுத்தையும் வெச்சிக்கினு புதுப்பாட்டு எங்க போடறது? பழசுல நல்லதா பன்னெண்டு பொறுக்கி ஹிட்ஸுன்னு போட்டுட வேண்டியதுதான்" என்றார் அப்பா.

பொறுக்குவதற்கும் இருவரும் ஒன்றாக உட்கார வேண்டுமே! அதற்குத்தான் நான். நான்காம் வகுப்பு விடுமுறை முழுவதும், பாட்டுப் பட்டியலை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த மாமா வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடந்தேன். மாமா சேர்த்ததை அத்தை அடிப்பாள். அத்தை எழுதியதை மாமா கடைசிக்குத் தள்ளுவார். ஐந்து நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது. கடைசியில் பதினொரு பாட்டுக்கு இருவரும் தலையாட்டினார்கள். இன்னும் ஒன்று வேண்டும்.

இருவரும் சேர்ந்து பாடிய பாட்டு ஒன்றே ஒன்று இருந்தது. மழைக்குப் பேருந்து நிலையத்தில் ஒதுங்கிய இரண்டு பேரைப் பற்றியது. எனக்கு உயிரான பாட்டு. அதை மட்டும் இருவருமே, மற்றவரைக் கேட்காமலே, பட்டியலில் அடித்துவைத்திருந்தார்கள். எனக்கு அலுத்துவிட்டது. நேராக அத்தையிடம் போய், அதை மாமாதான் கேட்டார் என்றேன்.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் நின்றது. "அவரா கேட்டாரு?"

"ஆமா."

"அவரு வாயால கேட்டாரா? இன்னான்னு சொன்னாரு? அப்படியே சொல்லு."

"போடச் சொல்லுன்னாரு."

இந்த முறை அதை அடிக்க அவள் பேனாவைத் தொடவில்லை. அங்கிருந்து ஓடிப்போய், அத்தை கேட்டதாக மாமாவிடம் சொன்னேன். அவரும் இரண்டு முறை விசாரித்துவிட்டு, சரி என்றார். ஒரு பாட்டுக்கு எதற்கு இத்தனை கேள்வி என்று கடுப்பாக இருந்தது.

மலையில் சிடியை வெளியிட்டபோது, மேடையின் இந்தக் கோடியில் அத்தை, அந்தக் கோடியில் மாமா. கைதட்டல் ஓய்வதற்குள் அத்தை நடந்து அவரிடம் போனாள். ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். இருவரும் ஒரே சமயத்தில் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். பொய் மாட்டிக்கொண்டது. அவமானத்தில் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன்.

சிரித்தவர்கள் அதன்பிறகாவது தொடர்ந்து பேசியிருக்கலாம். வேன் மலையடிவாரத்துக் கச்சிராயப்பாளையம் வந்து சேரும்வரை ஒரு வார்த்தை இல்லை. அத்தை ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தாள்.

சிடி அமோகமாக ஓடியது. அடுத்த தையில் அத்தை களமருதூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். குழு அத்தோடு கலைந்தது. அவர்கள் இருவருக்கும் பேசிவைத்திருந்த கல்யாணத்தைப் பெரியவர்கள் முறித்துவிட்டிருந்தது, நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள் எனக்கு அதெல்லாம் தெரியாதே. மாமா வீட்டு வாசலில் நின்று, உங்க சண்டைக்கு நடுவில் இனி நான் நடக்கமாட்டேன் என்று கறாராகச் சொன்னேன்.

கீபோர்டைத் துணியால் மூடிக்கொண்டிருந்த மாமா நிமிர்ந்தார். "எங்களுக்குள்ள இன்னாம்மா சண்ட? ஒரு சண்டையும் இல்லியே" என்றார்.

இந்த வயதில் இவ்வளவு பெரிய பொய்யா என்று எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.