விஜயதசமியன்று கண் திறக்காத கம்ப்யூட்டர்

எண்பதுகளின் கடைசியில் காரைக்காலில் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். நான் அதைப் பார்த்தது மட்டுமில்லை, அதற்கு டீச்சராகவும் இருந்தேன். தஞ்சாவூரில் சித்தி வீட்டில் தங்கி மூன்று மாதம் படித்த படிப்புதான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி வந்த சார், பாண்டிச்சேரியில் யாரோ தள்ளிவிட்ட பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வேனில் வைக்கோல் பரப்பி, குலுங்காமல் கொண்டுவந்து சேர்த்திருந்தார்.

"விஜயதசமிக்கு ஆள் சேந்தா மெஷின் இங்க இருக்கும். இல்லன்னா வந்த வழியே அனுப்பிடுவேன்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார்.

மெஷின் போனால் நானும் போக வேண்டியதுதான். அடுத்த வெள்ளிக்கிழமை தலத்தெருவில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. "வேல நெலைச்சிட்டா ஒரு வருஷம் பொறுக்கச் சொல்றேன்" என்று அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணத்தின் மேல் எனக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. முன்பின் தெரியாத நாலு பேர் முன்னால் காப்பித் தட்டோடு குனிந்து நிற்பதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

சரஸ்வதி பூஜையை அமர்க்களமாகச் செய்தோம். பன்னிரண்டு டைப்ரைட்டருக்கும் சந்தனம், குங்குமம். கம்ப்யூட்டருக்குக் கூடுதலாக ஒரு செவ்வந்தி மாலை. வந்தவர்களுக்கெல்லாம் சுண்டலும் பொரியும். பூஜையில் வைத்ததை அன்று தொடக்கூடாது. மறுநாள் விஜயதசமியன்று எடுத்து ஒரு வரியாவது அடிக்க வேண்டும். மண்டபத்தூரிலிருந்து தன் அப்பாவோடு வந்திருந்த ஒரு பெண்ணுக்கு அதுவரை பொறுக்கவில்லை. சுண்டலைத் தின்றுகொண்டே கம்ப்யூட்டரின் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டாள். சார் முறைத்தார். அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மறுநாள் காலை கூடம் நிறைந்துவிட்டது. வெற்றிலை பாக்குத் தட்டோடு சேர வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் அதைவிட அதிகம். அந்த மெஷினுக்குச் சொந்த ஞாபகம் எதுவும் கிடையாது. கறுப்பு உறைக்குள் இருக்கும் பிளாப்பி என்ற தட்டை அதன் வாயில் செருகினால்தான், தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்கு நினைவுக்கு வரும். சார் தன் கையாலேயே பிளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. உள்ளே ஏதோ கரகரவென்று இழுத்தது. கறுப்புத் திரையில் ஒற்றை ஆங்கில வரி வந்து நின்றது. சரியான தட்டைப் போடு என்று அர்த்தம்.

அணைத்துப் போட்டோம். அதே வரி. ஸ்டெபிலைசரைப் பார்த்தேன், வயர்களைப் பிடுங்கி மாட்டினேன். "ஒரு தட்டு தட்டுங்க, எங்க வீட்டு ரேடியோ அப்படித்தான் பாடும்" என்றார் ஒருவர். எனக்கு வந்த கோபத்தில் அவரைத்தான் தட்டியிருப்பேன். சார் இன்னொரு தடவை கற்பூரம் காட்டினார். கம்ப்யூட்டர் மசியவில்லை.

சார் திரும்பி அந்த மண்டபத்தூர்ப் பெண்ணைப் பார்த்தார். "பூஜையில இருந்தத நேத்து இது தொட்டுச்சு. அதான். நான் அப்பவே நெனச்சேன்."

கூடம் மொத்தமும் அவளைப் பார்த்தது. அவள் முகம் சுண்டிப்போனது. அவளுடைய அப்பா விசைப்படகு டிரைவர். நிதானமான மனிதர்.

"சார், பொண்ணு தொட்டா இஞ்சினு நிக்காதுங்க. கொஞ்சம் வழி விடுங்க, பாப்போம்" என்று முன்னால் வந்தார். என்னைப் பார்த்து, "டீச்சரம்மா, கரண்டு வருதா?" என்று கேட்டார்.

"வருதுங்க. லைட்டு எரியுதே."

"காத்து?"

"விசிறி சுத்துது."

"அப்ப டீசல்தான் ஏறல. இதுக்குத் தீனி எந்த வழியா போவுது?"

பிளாப்பியைக் காட்டலாமென்று வெளியே இழுத்தேன். இழுத்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

பிளாப்பியின் கறுப்பு உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும். உள்ளே இருக்கும் தட்டு அதன் வழியே தெரியும். அங்கே விரல் படவே கூடாது என்று தஞ்சாவூரில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். சந்தனம் படக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. முந்தின நாள் பூஜையில், பொட்டு வைக்கவென்றே விட்டது போலிருந்த அந்த இடத்தில் நான்தான் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தேன். நகல் பிளாப்பி ஒன்றும் உண்டு. அதற்கு மனக்குறை வேண்டாமென்று அதற்கும் வைத்திருந்தேன். காய்ந்த சந்தனம் இப்போது வட்டவட்டமாகக் கீறிக் கிடந்தது.

பிளாப்பியை முந்தானைக்குள் மறைத்தேன். சொன்னால் வேலை போய்விடும். வெள்ளிக்கிழமை காப்பித் தட்டு. சொல்லாவிட்டால் பழி அந்தப் பெண்ணோடு போகும், நாலு நாளில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். இப்படியெல்லாம் கணக்குப் போட்டேன் என்று எழுத இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று கேட்காதீர்கள். கொஞ்ச நேரமில்லை.

டிரைவர் என் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார். பதில் வராததால் மகளின் தோளைத் தொட்டு, "வா புள்ள, போவலாம். நமக்கு இது வேணாம்" என்றார். அவள் தட்டிலிருந்த வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பைக்குள் வைத்தாள். அதைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை.

"சார், அது தொட்டதால இல்ல. நான்தான் பிளாப்பிக்குச் சந்தனம் பூசிட்டேன்" என்றேன்.

சார் வாயைத் திறந்தார். திட்டுவதற்கு முன்னால் வேலையில் இறங்கிவிட்டேன். உறையைக் கத்தரியால் வெட்டி, மெல்லிய வட்டத்தை உருவி, சோப்புத் தண்ணீரில் அலசி, விசிறிக்கு முன்னால் பிடித்து உலர்த்தி, ஒரு காலி பிளாப்பியின் உறைக்குள் செருகினேன். மெஷினின் உள்ளே படிந்த சந்தனத்தைத் துடைக்க ஸ்பிரிட் வேண்டியிருந்தது. காரைக்காலில் அதை வாங்கி வா என்றால் எந்தச் சாராயக்கடையில் என்று கேட்பார்கள். எதிர் வீட்டுக் கம்பவுண்டரிடம் வாங்கி வந்தோம்.

பஞ்சில் தொட்டுத் துடைத்துவிட்டு, பிளாப்பியைச் செருகி சுவிட்சைப் போட்டோம். இந்தத் தடவை கரகரப்புகூட இல்லை. கிரீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

"இன்னும் ஏதோ அடைச்சிருக்கு" என்று டிரைவர் டார்ச்சை வாங்கி மெஷினின் வாய்க்குள் அடித்துப் பார்த்தார். டைப்ரைட்டர் எழுத்துகளில் சேரும் அழுக்கை எடுக்கிற இடுக்கியைக் கேட்டு வாங்கினார். வெளியே இழுத்ததை உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். நசுங்கிப்போன மூன்று பொரி.

சார் தொண்டையைக் கனைத்தார்.

"நாந்தாங்க போட்டேன். எல்லாருக்கும் குடுத்தோம். அதுவும் வாயத் தொறந்துகிட்டு இருந்துச்சா… அதுக்கு மட்டும் குடுக்கலன்னா எப்படின்னு நேத்து ஒரு சிட்டிகை…"

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை. சாரும் சிரித்தார். என்னை வேலையை விட்டு நிறுத்துவதென்றால் அவர் தன்னையும் சேர்த்து நிறுத்திக்கொள்ள வேண்டும். அது எனக்கும் புரிந்தது, அவருக்கும் புரிந்தது. மறுபடி சுவிட்சைப் போட்டதும் திரையில் பச்சை எழுத்துகள் வரிசையாக ஓடிவந்தன. வெள்ளிக்கிழமை யாரும் வர வேண்டாமென்று அன்று மாலையே அப்பா ஆளனுப்பிவிட்டார்.

அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. நேராக சாரிடம் போய் நின்றாள்.

"அப்ப நான் தொட்டதால ஒண்ணும் ஆவலயா சார்?"

சார் சிரிப்பை நிறுத்தினார். "இல்லம்மா. நான் சொன்னது தப்பு." தன் நாற்காலியை இழுத்து கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டார். "இஞ்ச வா. நீயே மொத வரிய அடி."

அவள் உட்கார்ந்தாள். கைகளைப் பாவாடையில் நன்றாகத் துடைத்துக்கொண்டாள். பிறகு எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"அடிக்கிறேன். ஆனா நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."