அக்காவுக்குப் பாதி

என் சித்தப்பா ஏ.சி. மெக்கானிக். கோடையில் அவரைப் பிடிக்க முடியாது. மழை தொடங்கிவிட்டால் அவரைக் கூப்பிட ஆள் இருக்காது. அப்படி வேலையில்லாமல் போன மழைக்காலங்களில்தான் அவர் தவணையில் வாங்கிய கீபோர்டில் பாட்டுகளுக்கு மெட்டுப் போட்டார்.

அவருடைய பட்டறையின் பின்பக்கத்தில் ஒரு குளிர் அறை நிற்கிறது. மூடிப்போன பூக்கடை ஒன்றிலிருந்து பழைய இரும்பு விலைக்கு வாங்கியது. இரண்டு பேர் நிற்கலாம், மூன்றாவது ஆள் வந்தால் நெருக்கும். மோட்டார் எப்போதோ செத்துவிட்டது. ஆனால் சுவரும் கதவும் நல்ல கனம். கதவைச் சாத்தினால் தெருவில் லாரி போவது கேட்காது. அதுதான் அவருடைய ஒலிப்பதிவுக் கூடம். உள்ளே காற்றோட்டம் கிடையாது என்பதால், ஒரு பாட்டை இரண்டு தடவை பாடியதும் கதவைத் திறந்து வெளியே வந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பப் போக வேண்டும்.

பாடியது என் அத்தை. அப்பாவுக்கு அடுத்தவர், சித்தப்பாவுக்கு அக்கா. பேருந்து நிலையத்து டிக்கெட் கவுன்டரில் இருபத்தாறு வருடமாக உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவரிடம் பேசும் குரல் வேறு, பாடும் குரல் வேறு. முதல் குரலை மட்டும் கேட்டவர்கள் இரண்டாவதை நம்ப மாட்டார்கள்.

இந்த இருவரும் ஆறு வருடமாகப் பேசிக்கொள்ளவில்லை. காரணம் ஒரு மெத்தை. அவர்களுடைய பாட்டுகளில் ஒன்றை ஒரு மெத்தைக் கம்பெனி விளம்பரத்துக்குக் கேட்டது. மொத்தமாகப் பன்னிரண்டாயிரம். சித்தப்பா அக்காவைக் கேட்காமலே சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பாதியை உறையில் வைத்து எடுத்துக்கொண்டு போய், பெரிய சந்தோஷச் செய்தி சொல்வதுபோல் நீட்டினார். அத்தை உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாராம்: “கேட்டிருந்தா சும்மாவே குடுத்திருப்பேன்.” அதோடு சரி. அந்தப் பாட்டுக்கு வீட்டில் மெத்தைப் பாட்டு என்று பெயராகிவிட்டது. அந்தப் பெயரையும் யாரும் சத்தமாகச் சொல்வதில்லை.

நான் நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டுத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. வீட்டில் உட்கார்ந்தால் கால் நமநமவென்றது. பட்டறைக்குப் போனால் ஸ்பேனரையாவது எடுத்துக் கொடுக்கலாம். அப்படிப் போன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் சித்தப்பா கைபேசியை என்னிடம் நீட்டினார்.

“ஏ ஊர்சுத்தி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. எனக்குப் புரிஞ்சதுதான் எழுதியிருக்கானான்னு பாரு.”

பாட்டுகளை இணையத்தில் பாட்டு கேட்கும் எல்லாச் செயலிகளுக்கும் அனுப்பி வைக்கும் நிறுவனத்தின் கடிதம் அது. அதுவரை வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு கட்டணம். ஆட்கள் பாட்டைக் கேட்பதால் வரும் தொகையில் அவர்கள் ஒரு காசும் எடுப்பதில்லை. இனிமேல், வரும் தொகையை வேறொருவருடன் பங்கு பிரித்துத் தரும் வசதி மேல்திட்டத்தில் மட்டும்தான் இருக்கும். அதற்கு வருடம் மூவாயிரத்துத் தொள்ளாயிரம். வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் பாட்டுகள் எடுக்கப்பட்டுவிடும்.

“புரிஞ்சது சரிதான் சித்தப்பா.”

“நான் வருஷ ஒப்பந்தம் போட்டுட்டு, கேஸ் ரொப்புறதுக்குத் தனிக் காசுன்னு சொல்றேன்ல. அதே வேலையை எனக்கே காட்டுறான்.”

வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு வருகிறது என்று கேட்டேன். இரண்டாயிரத்து அறுநூறு என்றார். அதில் பாதி அத்தையின் கணக்குக்கு மாதாமாதம் தானாகவே போய்விடும். மீதி ஆயிரத்து முந்நூறு இவருக்கு. கட்டியது ஆயிரத்து ஐந்நூறு. அதாவது பாட்டுப் போட்ட மனிதர் வருடா வருடம் இருநூறு கையிலிருந்து போட்டுக்கொண்டிருந்தார்.

டீ கொண்டுவந்த சித்தி சொன்னார்: “பாட்டுக்கு வாடகை கட்டுற ஆள் உலகத்துலயே உங்க சித்தப்பா ஒருத்தர்தான்.”

“பஸ்ல போகும்போதெல்லாம் உங்க பாட்டுதான் கேட்டேன் சித்தப்பா. ஒரே பாட்டை முந்நூறு தடவை ஓட விட்டிருக்கேன், காசு வரட்டும்னு.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அது நீதானா? சந்தேகக் கேட்புன்னு ஒரு மாசக் காசைக் கழிச்சுட்டான். எவனோ விரோதின்னு நெனச்சேன்.”

செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அன்று மதியமே பட்டறை மேசையில் உட்கார்ந்து மூன்று நிறுவனங்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டேன். முதலாவது, இப்போது இருப்பது. இரண்டாவதற்குக் கட்டணமே கிடையாது, வருவதில் நூற்றுக்குப் பதினைந்து எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒருவர் கணக்கில் ஐயாயிரம் சேர்ந்த பிறகுதான் பணம் தரும். மூன்றாவது, பாட்டுக்குத் தொள்ளாயிரம் ஒரே தடவை வாங்கிக்கொண்டு எப்போதைக்கும் வைத்திருக்கும், வருவதில் நூற்றுக்கு ஒன்பது எடுக்கும்.

“மொத்தம் எத்தனை பாட்டு?”

“எட்டு” என்றார் சித்தப்பா, பக்கத்தில் கிடந்த மின்விசிறி இறக்கையைத் துடைத்தபடி.

எட்டுக்கு ஏழாயிரத்து இருநூறு என்று எழுதினேன். மெத்தைப் பாட்டு விற்றுப்போன பாட்டு, இனி அது இவர்களுடையது இல்லை என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

“ரெண்டாவதுக்கு மாறிடுங்க. கைக்காசு எதுவும் போடவேண்டாம்.”

“அவன் எடுக்கற பதினஞ்சு, அக்கா பங்குல இருந்தும் போகுமா?”

“மொத்தத்துல எடுத்துட்டுத்தான் பங்கு பிரிப்பான். ரெண்டு பேருக்கும் குறையும்.”

“எனக்குக் குறையட்டும். அக்காவுக்குக் குறையக் கூடாது.”

“அப்ப உங்க பங்கைக் குறைச்சு அத்தைக்குக் கூட்டிப் போட்டுடலாம்.”

“கூட்டிப் போட்டாலும் மாறும்போது அக்காவுக்கு ஒரு கடிதம் போகும்ல, சம்மதம்னு அழுத்தச் சொல்லி?”

போகும். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பங்குதாரர் சம்மதம் என்று அழுத்தினால்தான் பங்கு பிரியும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனித்தனியாக அழுத்த வேண்டும்.

சித்தப்பா துணியைக் கீழே போட்டார். “அன்னைக்குக் கேட்காம வித்தேன். இப்பக் கேட்காம வேற எடத்துக்கு மாத்துறேன், வர்றதும் குறையுது. இவன் திருந்தவே மாட்டான்னு நெனச்சு, அழுத்தாமலே விட்டுட்டா? ஆறு வருஷமா எங்களுக்குள்ள இருக்கறது இந்தப் பாதி ஒண்ணுதான் பாப்பா. அதுவும் போயிடும்.”

அந்தக் கட்டணத்தை அவர் ஏன் கட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. அது அவருடைய பையிலிருந்து மட்டும் போகும் பணம். அக்காவைத் தொடாத பணம்.

“அப்படின்னா மூவாயிரத்துத் தொள்ளாயிரத்தைக் கட்டிடுங்க” என்றேன்.

“கட்டலாம்” என்றார். சித்தி காலி டம்ளரை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு போனார். அந்த வருடம் கோடை சரியாக வரவில்லை. பட்டறையில் ரிப்பேருக்கு நின்றவை மூன்றே ஏ.சி. பெட்டிகள். சித்தப்பா சித்தி போன திசையைப் பார்த்துவிட்டு, “இல்ல, கேட்டுடலாம்” என்றார்.

“நான் அத்தைகிட்டப் பேசட்டா?”

“வேண்டாம். உன்னை அனுப்பினேன்னா அதுக்கும் சேத்து வாங்கிக் கட்டிக்கணும். அந்த அட்டவணையைப் படம் எடுத்து என் கைபேசிக்கு அனுப்பு.”

அதன் கீழே எழுத வேண்டியதை எழுதி எழுதி அழித்தார். கடைசியில் போனது இவ்வளவுதான்: ‘அக்கா, மூன்றில் எது என்று நீ சொல். சொன்னால்தான் செய்வேன்.’ அனுப்பிவிட்டு, கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

புதன் முழுவதும் பதில் இல்லை. அத்தை படித்துவிட்டார் என்பதற்கு அடையாளமாக இரண்டு நீலக் குறி மட்டும் இருந்தது. வியாழக்கிழமை சித்தப்பா ஒரே பெட்டியை மூன்று தடவை பிரித்துப் பூட்டினார். பிறகு எதையாவது துடைக்கலாமென்று குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அப்போதுதான் கைபேசி அடித்தது. திரையில் ‘அக்கா’.

நான் எடுத்தேன். கவுன்டர் குரல்.

“யாரு, ஊர்சுத்தியா? அவனைக் கூப்பிடு.”

“சித்தப்பா” என்று கத்தினேன். அந்தக் கதவுக்கு முன்னால் கத்தி என்ன பயன். ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். வியர்த்து வழிய நின்றவர் திரையைப் பார்த்தார். கைகளில் தூசி என்பதால் ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார்.

“டேய்.”

“சொல்லுக்கா.”

“எட்டுப் பாட்டுன்னு போட்டிருக்கு.”

“ஆமாக்கா.”

“ஒன்பது. மெத்தைப் பாட்டு எங்க?”

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

“அது... விளம்பரத்துக்கு ரெண்டு வருஷம் குடுத்ததோட சரி, நம்மதுதான். ஆனா உனக்கு அதைப் பாத்தாலே கோபம் வருமேன்னு, மாத்தும்போது விட்டுடலாம்னு...”

“கோபம் பாட்டு மேலயாடா? மாசாமாசம் வர்ற கணக்குல முதல் வரியே அதுதான். நான் ஒழுங்காப் பாடினதும் அது ஒண்ணுதான். மத்தது எல்லாத்துலயும் உன் குளிர் அறையில மூச்சு முட்டிப் பாடியிருக்கேன்.” அந்தப் பக்கம் யாரோ சில்லறை வைக்கும் சத்தம் கேட்டது. “அன்னைக்குக் கேட்காம வித்த. இன்னைக்குக் கேட்காம ஒளிக்கிற. உனக்குக் கேக்கறதுக்கு வாய் வராதா?”

“இப்பக் கேக்கறேன்க்கா. சேத்துடவா?”

“சேத்துடு.”

“எது... எந்தக் கம்பெனி?”

“மூணாவது. வருஷாவருஷம் கட்டறதுக்கு அது என்ன குடியிருக்கற வீடா? ஒரு வருஷம் நீ மறந்தா பாட்டே போயிடும். ரெண்டாவது, பணம் தர்றதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிடுவேன். ஒன்பதுக்கு எட்டாயிரத்து நூறு. பாதி நாலாயிரத்து ஐம்பது, நான் அனுப்பறேன்.”

“நீ எதுக்குக்கா...”

“அப்ப நான் அழுத்த மாட்டேன்.”

“சரிக்கா.”

“இந்தப் போனுக்குக் காசு போடறதே அந்தப் பாட்டுப் பணத்துலதான். தெரிஞ்சுக்கோ. வரிசை நிக்குது, வெக்கறேன்.”

சித்தப்பா சுவரில் சாய்ந்தார். தூசிக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது பாட்டுகளையும் மூன்றாவது நிறுவனத்தில் ஏற்றினோம். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதே எண்ணைப் புது இடத்திலும் கொடுத்தால்தான் இதுவரை கேட்டவர்களின் கணக்கு தொடரும். சித்தப்பா எண்ணை வாசிக்க, நான் அடித்தேன். பங்கு என்ற கட்டத்தில் ஒன்பது முறை ஐம்பது, ஐம்பது என்று போட்டு அத்தைக்கு அனுப்பினோம். ஒன்பது வரிகளுக்கு எதிரிலும் ‘காத்திருக்கிறது’ என்று வந்தது.

அப்போது ஒரு விடுதியிலிருந்து அழைத்தார்கள். வரவேற்பறையில் ஏ.சி. சொட்டுகிறதாம். மழைக்காலத்தில் வந்த அபூர்வமான அழைப்பு.

“ஒரு வாளி வையுங்க, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு சித்தப்பா ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

முதலில் மாறியது மெத்தைப் பாட்டு. ‘ஏற்கப்பட்டது.’ உடனே அடுத்தது. பிறகு ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. நான் பக்கத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்துப் பார்த்தேன்.

“அவசரப்படாத. பத்தரை மணி வண்டி வந்திருக்கும். டிக்கெட் குடுத்துட்டு இருப்பா.”

கொஞ்ச நேரத்தில் மேலும் மூன்று மாறின. மறுபடி நின்றது.

“பத்தே முக்கால் வண்டி” என்றார் சித்தப்பா.

விடுதியிலிருந்து இன்னொரு முறை அழைத்தார்கள். அவர் எடுக்கவில்லை. இன்னும் நாலு பாட்டு பாக்கி இருந்தது.