மறைந்திருந்த முதல் வரிசை

வண்டன்மேட்டில் நான் நடத்துவது சின்னக் கம்ப்யூட்டர் கடை. சான்றிதழ் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே மேசையில்தான். எஸ்டேட் தொழிலாளர் லயத்தில் பிறந்து கம்ப்யூட்டர் படித்தவள் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. தெரியாது என்று சொல்ல வாய் வராது. நடந்ததற்கு முக்கால் காரணம் அதுதான்.

எங்கள் சபையின் பழைய கம்ப்யூட்டர் ஒரு மழைக்காலத்தோடு உயிரை விட்டது. கல்லறைத் தோட்டத்தின் பதிவெல்லாம் அதில்தான் இருந்தது. முன்பிருந்த போதகர் ஒருவர் யாரையோ பிடித்து எழுதி வாங்கிய புரோகிராம். திறந்தால் தோட்டத்தின் படம் வரும். வரிசை வரிசையாகக் கட்டங்கள், கட்டத்துக்குள் அடக்க எண். கட்டத்தை அழுத்தினால் யார், எப்போது என்று சொல்லும். காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்று வெகுகாலம் ஆகிவிட்டது.

புதுக் கம்ப்யூட்டர் வந்ததும் பழையதின் டிஸ்க்கைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். புரோகிராம் புதியதில் திறக்கவே மறுத்தது. பழைய சிஸ்டத்தில் ஓடுவதுபோல் ஓடு என்று அமைப்பில் ஒரு டிக் போட்டதும் திறந்தது. ஆனால் தமிழ் எழுத்தெல்லாம் கட்டமும் கேள்விக்குறியுமாக நின்றது. எண்கள் மட்டும் ஒழுங்காக இருந்தன. அந்தக் காலத்து எழுத்துரு என்னிடம் இல்லை. ஓடுகிறதே, அது போதும், எழுத்துருவைப் பிறகு தேடிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். போதகரிடம் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் சொன்னேன்.

அந்தக் கோடையில் எங்கள் எதிர் லயத்து அக்கா கடைக்கு வந்தார். முப்பது வருஷம் ஏலக்காட்டில் காயெடுத்தவர். மகள் திருப்பூரில் இருக்கிறாள், அம்மாவை அங்கே கூட்டிப்போக நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி. ஒரு பெருமழையில் மேட்டு மண் சரிந்து கல்லறைத் தோட்டத்து மரச்சிலுவைகளை எல்லாம் அடித்துப் போயிருந்தது. அதிலிருந்து புருஷன் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று அவருக்குத் தெரியாது. ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் குத்துமதிப்பாக ஓரிடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்.

"போறதுக்கு முன்னால அவருக்கு சிமெண்டுல ஒரு சிலுவ வச்சுரணும் தாயி. எடத்த மட்டும் காட்டிக் குடு," என்றார். பிளாஸ்டிக் கவரில் பத்திரமாக வைத்திருந்த அடக்கச் சீட்டை நீட்டினார்.

சீட்டிலிருந்த எண்ணைத் திரையில் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடித்தேன். வரிசையின் பெயர் படிக்க முடியாமல் கிடந்ததால் எண்ணினேன். எஸ்டேட்டில் நாங்கள் எதையும் மேலிருந்துதான் எண்ணுவோம். மேட்டில் இருப்பது முதல் லயம், காட்டிலும் மேட்டு வரிசைதான் முதல் வரிசை. திரையில் மேலிருந்து மூன்று, இடமிருந்து ஏழு. தோட்டத்துப் பக்கச்சுவரில் வரிசைக்கு ஒரு கல் பதித்திருக்கும். மேலிருந்து மூன்றாவது கல்லுக்கு நேரே ஏழாவது இடத்தைக் காட்டினேன். அக்கா அங்கேயே உட்கார்ந்து, மண்ணைத் தடவித் தடவி அழுதார். நானும் அழுதேன். பெரிய புண்ணியம் செய்துவிட்ட நினைப்பு எனக்கு. பத்து நாளில் அங்கே சிலுவை நின்றது, அக்கா புருஷனின் பெயரோடு.

அக்டோபர் கடைசியில், திருநாளுக்கு முன் தோட்டத்தின் படத்தை அச்செடுத்துத் தரச் சொன்னார் போதகர். அப்போதுதான் வெட்கப்பட்டு எழுத்துருவைத் தேடி எடுத்துப் போட்டேன். பெயர்கள் ஒவ்வொன்றாகத் தமிழில் எழுந்து நின்றன. வரிசைப் பெயர்களும் வந்தன. மேலே இருந்த வரிசையில் 'இரண்டு' என்று எழுதியிருந்தது.

புதுத் திரை எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பழைய புரோகிராமுக்கு அது தெரியாது. இந்தப் புரோகிராமை மட்டும் பெரிதாக்காதே என்று ஒரு டிக் போட வேண்டும், அவ்வளவுதான். போட்டேன். மெனுப் பட்டைக்குப் பின்னால் இத்தனை நாள் மறைந்திருந்த முதல் வரிசை மெதுவாகக் கீழே இறங்கி வந்தது. சுவரில் கற்கள் பதினொன்று, என் திரையில் வரிசைகள் பத்து. ஒரு தடவை எண்ணிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். அக்காவின் புருஷன் நான்காம் வரிசையில் இருந்தார்.

யாருக்குத் தெரியப்போகிறது என்று இரண்டு நாள் சும்மா இருந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை, நான் அப்படிப்பட்டவளும்தான். அக்கா திருநாள் முடிந்த மறுவாரம் திருப்பூர் போகிறார், சந்தோஷமாகப் போகட்டுமே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஆனால் திருப்பூரிலிருந்து வருஷாவருஷம் பஸ் ஏறி வந்து வேறொருவர் தலைமாட்டில் அழுவாரே.

திருநாளன்று காலையில் அவர் சிலுவையைக் கழுவிக்கொண்டிருந்தபோது போய்ச் சொன்னேன். திரையைப் பற்றி விளக்கப் பார்த்தேன், அது எனக்கே சாக்குப்போக்காகக் கேட்டது. நிறுத்திவிட்டு, நான் சரியாகப் பார்க்கவில்லை அக்கா, அவர் இருப்பது ஒரு வரிசை கீழே என்றேன். சிலுவையை நானே ஆள் வைத்துப் பெயர்த்து நட்டுத் தருகிறேன் என்றேன்.

அவர் திட்டவில்லை. ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த கீழ் வரிசையில் ஏழாவது இடத்துக்குப் போய் நின்றார். புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. நான் பக்கத்தில் போகவில்லை.

திரும்பி வந்து, "அப்ப இதுல யாரு கெடக்குறா?" என்று கேட்டார்.

அதையும் பார்த்து வைத்திருந்தேன். பெயர் என்ற இடத்தில் வெறும் கோடு. வயது, ஒரு நாள். பெற்றோர் என்ற இடத்தில் 'சீசன் வேலைக்கு வந்தவர்கள்' என்று மட்டும். காயெடுக்க மலையேறி வந்து, சீசன் முடிந்ததும் இறங்கிப் போயிருப்பார்கள். எந்த ஊர் என்றுகூட எழுதவில்லை.

அக்கா சிலுவையின் மேல் கையை வைத்துக்கொண்டு நான் சொன்னதைக் கேட்டார். பிறகு கூடையிலிருந்த பூவைப் பாதியாகப் பிரித்தார்.

"பேத்தெடுக்க வேணாம் தாயி. அவரு பேரச் சொல்ல நானிருக்கேன். இந்தப் புள்ள அந்தப் பேர வச்சுக்கிடட்டும்."

கீழே போய்ப் புல்லைப் பிடுங்கத் தொடங்கினார். நானும் இறங்கி அவரோடு பிடுங்கினேன்.