த்ரீ பேஸ் வருவதற்கு முன்

நிலத்தடி நீர் படித்தவன் என்றால் ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவில், "உள்ளங்கையில தேங்காய வச்சுப் பாப்பியா?" என்றுதான் கேட்பார்கள். என் வேலை அதைவிட மொக்கை. ஒவ்வொரு போர்வெல்லாகப் போய்க் குழாய் இடுக்கில் டேப் விட வேண்டும். நுனி தண்ணீரைத் தொட்டால் பீப் அடிக்கும். எத்தனை அடி என்று குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறிப் போனது, பழுப்பு நிலக்கரிச் சுரங்கம் வரப்போகிற ஒரு ஊருக்கு. குழி தோண்டினால் ஊறுகிற தண்ணீரை இறைத்துக்கொண்டே இருப்பார்கள். சுற்றுவட்டாரத்துப் போரெல்லாம் இறங்கும். எவ்வளவு இறங்கியது என்று பின்னால் சண்டை வந்தால், நான் அன்று எழுதுகிற அளவுதான் சாட்சி.

அளக்க வேண்டிய போர்களின் லிஸ்டில் இருந்தவர்களுக்கெல்லாம் முதல் நாளே போன் போட்டு, தண்ணீர் மட்டம் நிலைக்கட்டும் என்று மோட்டாரை நிறுத்தச் சொல்லியிருந்தேன். கடைசியாகப் போனது கடலை போட்டிருந்த ஒரு அக்காவின் வயலுக்கு.

"நேத்தே நிறுத்திட்டேன் தம்பி. செடி வாடுது, சட்டுனு பாருங்க."

ஐம்பத்தாறு அடி. உறுதிக்கு மறுபடி விட்டேன், ஐம்பத்தேழு. இன்னொரு தடவை, ஐம்பத்தெட்டு.

"என்ன தம்பி, ஏலம் விடுறீங்களா?"

டேப்பைத் திட்டும்போதுதான் பக்கத்து வயல் மோட்டார் சத்தம் காதில் விழுந்தது.

"அது யாரோடதுக்கா?"

"கொழுந்தனாரோடது. ஆட்டோ ஸ்டார்ட்டர். ஒம்பது மணிக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்தா ஆள் இல்லாமலே ஓடும்."

லிஸ்டில் இல்லாத யாருக்கும் நான் போன் போடவில்லை. ஆட்டோ ஸ்டார்ட்டர் இல்லாத வயல் அந்தப் பக்கம் கிடையாது என்று தெரிந்தும் கோட்டை விட்டிருக்கிறேன். காலையிலிருந்து எழுதியதெல்லாம் பக்கத்து மோட்டார்கள் இழுத்து இறக்கிவிட்ட அளவு.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா பிடித்துக்கொண்டார். "அம்பத்தெட்டுன்னு எழுதிட்டா, நாளைக்கு என் போர் இறங்குனா 'அப்பவே இப்படித்தான் இருந்துச்சு'ம்பாங்கள்ல?"

"ஆமாங்க்கா."

ஆபீசில் என் மேலாளருக்குப் போன் போட்டேன். "ரெண்டு அடி முன்ன பின்ன இருந்தா என்னடா? அனுப்பு."

"ரெண்டா இருபதான்னே தெரியல சார். மறுபடி அளக்குறேன்."

கொஞ்ச நேரம் கத்தினார். பிறகு, "நாளைக்கு மதியத்துக்குள்ள வரணும்" என்று வைத்துவிட்டார்.

இந்தத் தடவை ஊரையே நிறுத்த வைத்தது அக்காதான். "கொழுந்தனாரு கேக்கல, ஃபியூஸப் புடுங்கி வச்சுக்கிட்டேன்" என்று மறுநாள் விடியும்போது காட்டினார். அவர் போரில் மூன்று தடவை டேப் விட்டேன். மூன்று தடவையும் நாற்பத்தொன்று. மற்ற போர்களையும் ஒன்பது மணிக்குள் ஓடி ஓடி அளந்தேன்.

திரும்பும்போது அக்கா பெயிண்ட் டப்பாவோடு வழிமறித்தார். "உங்க நோட்டு உங்களோட போயிரும். மோட்டார் ரூம் செவுத்துல எழுதுங்க. தேதி, கையெழுத்து எல்லாம்."

எழுதினேன். தள்ளி நின்று பார்த்தார்.

"ஒண்ணு ஏழு மாதிரி இருக்கு. நாப்பத்தேழுன்னு எவனாவது படிச்சா ஆறடி தண்ணிக்கு யாரு பொறுப்பு?"

துடைத்துவிட்டு மறுபடி எழுதினேன்.