தொட்டுப் பார்க்காத இடம்

புற்றுநோய்க்காக என் ஒரு மார்பை அகற்றி, தையலும் பிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பார்வையில்லாத நான் எதையும் தொட்டே அறிகிறவள். ஆனாலும் அந்த இடத்தை மட்டும் இன்னும் தொட்டுப் பார்க்கவில்லை. தங்கைதான் துடைத்துவிடுகிறாள்.

இன்று காலை யன்னலால் வாவிக் காற்று வந்தது. சேறும் பாசியும் இறாலும் கலந்த வாசம். அப்படியே அப்பாவின் தோணிக்குள் போய்விட்டேன்.

காய்ச்சலில் பார்வை போனபோது எனக்கு எட்டு வயது. எதில் படுமோ என்ற பயத்தில் இரண்டு கைகளையும் மடிக்குள் பொத்தியே வைத்திருந்தேன். இறால் பிடிக்கப் போகும் அப்பா ஒருநாள் என்னையும் தோணியில் தூக்கி வைத்தார். வெற்றிலை வாயோடு தோணியை வலித்தார். நடு வாவியில் துடுப்பை நிறுத்தினார். பலகைக்கு அடியில் தண்ணீர் தூக்கத்தில் முனகுவதுபோல் கேட்டது. எவ்வளவு நேரம் போனதோ, என் கை தானாகத் தண்ணீருக்குள் இறங்கியது. மேலே இளஞ்சூடு, கீழே குளிர். ஏதோ ஒரு மீன் விரலை உரசிப் போக, வீரிட்டேன்.

"கடிச்சிட்டா மகள்?"

"இல்லப்பா, தொட்டுட்டுப் போகுது."

காய்ச்சலுக்குப் பிறகு அப்பா அன்றுதான் சிரித்தார்.

தங்கை சுடுதண்ணீரோடு அறைக்குள் வந்தாள்.

"துணியத் தா. இண்டைக்கு நானே துடைக்கிறன்," என்றேன்.

மேடும் பள்ளமுமாக ஒரு கோடு விரலில் தட்டுப்பட்டது. அதன் வழியே மெல்லப் போனேன். அழுகை வந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"எப்பிடி இருக்குக்கா?" தினமும் அதைப் பார்க்கிறவள் என்னிடம் கேட்டாள்.

"நான் பயந்த அளவுக்குப் பெரிசா இல்லடி."