புரோகிராமுக்குள் பாஸ்வேர்ட் எழுதாத சாந்தினி

சாந்தினி இல்லை...

காலையில் டயகமவில் அவர் வீட்டில் இருந்து போன். நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியிலேயே முடிந்துவிட்டதாம்.

ஹட்டனில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில்தான் எங்கள் ஒபிஸ். ஆட்கள் இரண்டே பேர். நான் டிசைன், அவர் PHP-யில் புரோகிராம் எழுதுவார்.

வெப்சைட் கேட்டு வருகிறவர்கள் என்னைப் பார்த்துத்தான் பேசுவார்கள். "அவங்ககிட்ட கேளுங்க, செய்றது அவங்கதான்" என்று கையைக் காட்டுவேன். அப்படிச் சொல்வதில் எனக்கு அவ்வளவு பெருமை.

தோட்டங்களில் இரத்தம் கொடுக்க முன்வருகிறவர்களுக்காக ஒரு சங்கம் வெப்சைட் கேட்டது. பெயர், இரத்த வகை, போன் நம்பர்... பாதிப் பேர் பெண்கள்.

அந்த விவரங்களைத் திறக்கும் பாஸ்வேர்டைப் புரோகிராமுக்குள் எழுத சாந்தினி சம்மதிக்கவே இல்லை. புரோகிராமுக்கு வெளியே, சேர்வரின் செட்டிங்கில் environment variable ஆகத் தனியாக வைத்தார். ஓடும்போது புரோகிராம் getenv என்று கேட்டு வாங்கிக்கொள்ளும்.

திறப்பு விழா அன்று காலையில்தான் புது சேர்வருக்கு மாற்றியிருந்தோம். மண்டபம் நிறைய சனம். பெரிய திரையில் error... பாஸ்வேர்ட் கிடைக்கவில்லையாம்.

சங்கத் தலைவர் ஓடி வந்தார். "ஏம்மா, பாஸ்வேர்ட அதுலயே எழுதிப் போட்டுருங்களேன். யாரு பாக்கப் போறா?"

"இல்ல சேர். பொம்பளப் புள்ளைங்க நம்பிக் குடுத்த நம்பரு. கொஞ்சம் பொறுங்க, எல்லாருக்கும் டீ குடுக்கச் சொல்லுங்க."

கட்டளைகளைத் தட்டும் டெர்மினலில் ஓட்டிப் பார்த்தால் பாஸ்வேர்ட் வருகிறது. பிரவுசரில் திறந்தால் getenv ஒன்றுமே தருவதில்லை.

சாந்தினி லெப்டொப்பில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாம டெர்மினல்ல வச்சது வெப் சேர்வருக்குப் போய்ச் சேரலங்க... அதோட செட்டிங்ல தனியா குடுக்கணும்."

கொடுத்தார். ரீஸ்டார்ட் செய்தார். டீ சுற்றி முடிவதற்குள் வெப்சைட் வந்துவிட்டது. அந்தக் கைதட்டல் இன்னும் காதில் இருக்கிறது.

சில மாதங்கள் கழித்து, சங்கத்தில் ஒருவர் தவறுதலாக அந்தப் புரோகிராம் முழுவதையும் இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி போட்டுவிட்டார்.

தலைவர் சாந்தினியிடம் போனில் அழாத குறை; ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "எல்லா நம்பரும் போயிருச்சாம்மா?"

"ஒண்ணும் போகல சேர். அதுல பாஸ்வேர்டே இல்லயே."

தலைவர் சொன்னார்: "நல்ல வேள, அன்னைக்கு நான் சொன்னத நீங்க கேக்கல!"

சாந்தினி சிரித்த சிரிப்பில் கீழே பேக்கரிக்காரரே எட்டிப் பார்த்தார்.

இன்று அவருடைய அம்மாவிடம் பேசினேன். இன்னமும் தேயிலைக் கொழுந்து எடுக்கப் போகிறவர். அழுகைக்கு நடுவில் ஒன்று கேட்டார்.

"எம்புள்ள என்ன வேல செஞ்சுச்சுன்னு தோட்டத்து லயத்துல எல்லாரும் கேப்பாங்க... எனக்கு வெவரமா சொல்லத் தெரியாது. நீங்க வந்து சொல்லுவீங்களாப்பா?"

வருகிறேன் அம்மா. எல்லாரும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்கிறேன்.

போய் வாங்க சாந்தினி...