பேக்ரவுண்டுச் செடி

பெண் கேட்கப் போன இடத்தில் மீன்தொட்டியைக் குறை சொன்ன முட்டாள், அம்பத்தூர் முதல் பூந்தமல்லி வரை தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் வீட்டின் முன்னறையில் இருந்தது அந்தத் தொட்டி. பின்பக்கக் கண்ணாடியில் பவளப்பாறை படம் போட்ட நீல ஸ்டிக்கர். அதற்கு முன்னால் வாயைத் திறந்து திறந்து மூடும் ஏஞ்சல் மீன்கள். என் எதிரே, பின்னாளில் எனக்கு மாமனாரான மனிதர், ஷிப்ட் முடிந்து வந்த யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் நான் மீன்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பேக்ரவுண்டு எப்படி?" என்றார்.

அவர் கேட்டது என் குடும்பத்தை. என் கண்ணிலும் மூளையிலும் இருந்தது தொட்டி. "சரியில்ல சார். வெறும் ஸ்டிக்கர்தான், அதுவும் வெளுத்துப்போச்சு. பெரிய செடியா ஒண்ணு வெச்சா எல்லாத்தையும் மறைச்சிடலாம்" என்றேன்.

சமையலறையில் ஒரு கரண்டி விழுந்தது. கதவோரம் நின்ற அவர் மகள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரிக்கவில்லை. தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீயே வெச்சு வளர்த்துக் காட்டு. ஸ்டிக்கரு மறையட்டும், அப்புறம் பேசலாம்."

ஊரில் மற்றவர்களுக்கு ஜாதகம் பொருந்த வேண்டியிருந்தது. எனக்கு ஒரு செடி வேர்பிடிக்க வேண்டியிருந்தது. மறுநாளே பாடியில் ஒரு வண்ணமீன் கடைக்கு ஓடினேன். தொட்டி உயரத்துக்கு வளரும் என்று அமேசான் வாள்செடி ஒன்றைக் கொடுத்த கடைக்காரர், "குருத்து மேல தெரியணும் நைனா, அத்த மூடுனா பூட்ச்சு" என்றார். பலமாகத் தலையாட்டினேன். ஆனால் நட்டபோது செடி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த பேக்ரவுண்டை நம்பி யார் பெண் கொடுப்பார்கள்? கூழாங்கல்லை அள்ளிப் போட்டுக் கழுத்துவரை புதைத்து நிமிர்த்தினேன்.

ஞாயிறுதோறும் செடியைப் பார்க்கப் போவேன். காபி வரும். அவரும் நானும் தொட்டியின் முன்னால் பேசாமல் உட்கார்ந்திருப்போம். தொட்டிக்குக் காற்று விடும் மோட்டாரின் குமிழிச் சத்தம்தான் எங்கள் உரையாடல். பழுத்த இலை கண்ணில் பட்டால் அவர் எழுந்து, முழங்கைவரை கையை விட்டு, மீன் மிரளாமல் கிள்ளி எடுப்பார். வாரத்துக்கு வாரம் கிள்ளுவதற்கு இலை கூடிக்கொண்டே போனது. ஒருநாள் குச்சி மட்டும் மிஞ்சும்போலிருந்தது. "தேறுமா சார்?" என்றேன். நான் கேட்டது செடியை மட்டுமல்ல என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். "பாப்போம்" என்றார். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வாரம் முழுக்கச் சோறு இறங்காமல் திரிந்தேன்.

அடுத்த ஞாயிறு போனால், செடி முன்னைவிட இரண்டு மடங்கு உயரத்தில், கரும்பச்சையாக நிற்கிறது. எனக்கு ஆச்சரியமே இல்லை. நான் வேரடியில் சொருகிய உர மாத்திரை பற்றி அவருக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். மழைக்காலம் முடிவதற்குள் இலைகள் நீர்மட்டத்தைத் தொட்டன. பவளப்பாறை காணாமல் போனது. அன்று அவரே உள்பக்கம் திரும்பி, நாள் பார்க்கச் சொல்லி அத்தையிடம் குரல் கொடுத்தார்.

மாமனார் போய்ச் சில வருடங்களாகின்றன. தொட்டி இப்போது சென்னீர்குப்பத்தில் எங்கள் வீட்டில் இருக்கிறது. என் மகளைக் கேட்டு யாராவது வந்தால் அவரைப்போல் பேசாமல் உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா என்று சில சமயம் அதன் முன்னால் யோசிப்பதுண்டு. போன மாதம் ஒரு வாள்செடி வாங்கி, வழக்கம்போல் கழுத்துவரை புதைத்து வைத்தேன். அழுகிவிட்டது. இந்தக் காலத்துத் தண்ணீரே சரியில்லை, அன்றைக்கு என் கைராசி எப்படி இருந்தது என்று பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவியிடம் அலுத்துக்கொண்டேன். அவள் நிமிரவில்லை.

"நீ வெச்சதும் அழுகித்தான் போச்சு, அப்பாதான் வேற வாங்கியாந்து வெச்சாரு."